ஆசீர் கடைசியா என்ன சொன்னான்

ஜன்னல் ஓரத்துல நீங்களே உக்காருங்க தங்கச்சி. எனக்கு இந்தக் காத்து ஒத்துக்கிடாது, காது அடைச்சுக்கிடும். அந்தப் பையை இங்கன குடுங்க, என் மடியில இருக்கட்டும். என்ன, தேங்கா பழமா? கோயிலுக்கா? அட, எதுக்குத் தயங்குதிய. நான் வேதக்காரிதான், ஏசு சாமியைக் கும்பிடுறவ, என் வெள்ளச் சேலையைப் பாத்தாலே தெரியுமே. இதைத் தொட்டதுனால எனக்கு மோட்சம் போயிராது. யார் யாருக்கோ மோட்சம் கெடைக்கிற காலம் இது.

நான் அழல. கண்ணு ரெண்டும் அப்படித்தான், வெயில்ல நின்னா ஊத்தும். சரி, அழுதேன். அழுதா என்ன? பஸ்ஸுல அழக் கூடாதுன்னு கவர்மெண்டு எழுதியா போட்டிருக்கு? உங்களுக்குப் பிள்ளைய உண்டா? ஆம்பளப் பிள்ளை? உண்டா. அப்ப உங்ககிட்டச் சொல்லலாம். ஊர்க்காரியகிட்டச் சொன்னா நாளைக்குக் குழாயடியில அதுக்குக் கண்ணு மூக்கு வச்சுப் பேசுவாளுவ. நீங்க யாரோ நான் யாரோ. நான் ஏரல்ல எறங்கிட்டா முடிஞ்சு போச்சு.

எம் மவனை ஒருத்தன் வெட்டிக் கொன்னுட்டான். அவன் இன்னைக்கு ஞானஸ்நானம் எடுத்தான். அதுக்குத்தான் போயிட்டு வாரேன்.

ஆமா, சரியாத்தான் கேட்டிய. செத்தவன் துட்டிக்குப் போகல, கொன்னவன் விசேஷத்துக்குப் போயிட்டு வாரேன். ஞானஸ்நானம்னா தெரியுமா? தண்ணியில முக்கி எடுப்பாவ. உள்ள போறது பழைய ஆளு, பாவி. அவன் செத்துட்டான். வெளிய வாரது புது ஆளு. செஞ்சது எல்லாம் கழுவிப் போச்சு. எங்க மார்க்கம் அதான். நான் குறை சொல்லல, நானே ஞாயித்துக்கிழமை பிள்ளையளை உக்கார வச்சு அதைச் சொல்லிக் குடுத்தவதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. எம் மவனும் செத்தான், எந்திரிக்கல. இவன் செத்தானாம், எந்திரிச்சுட்டானாம். ஈரத் தலையோட நிக்கான், சுத்தி நின்னு கை தட்டுதாவ.

எம் மவன் பேரு ஆசீர். ஒத்தைக்கு ஒரு பிள்ளை. காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சும்பாவ, நான் அதுக்காகச் சொல்லல, நெசமாவே தங்கமான பிள்ளை. சொந்தமா லோடு ஆட்டோ வச்சிருந்தான். வாழைக்குலை ஏத்திட்டுச் சந்தைக்குப் போவான். கொஞ்சம் குடிப்பான். எந்த எளவட்டம் குடிக்காம இருக்கான்? குடிச்சா கை நீளும், அதுவும் எல்லார்கிட்டயும் இல்ல, எதிர்த்துப் பேசுறவன்கிட்ட மட்டுந்தான். ஒரு தடவை எங்க கோயில் உபதேசியார் சட்டையைப் புடிச்சுட்டான். "மைக்க நிறுத்தும்வே, மனுசன் தூங்க வேண்டாமா"ன்னு. விளையாட்டுப் பிள்ளை. நான் மறுநாள் போயி உபதேசியார்கிட்ட, "மைக்கைக் கொஞ்சம் மெதுவா வச்சா என்ன?"ன்னு கேட்டுட்டு வந்தேன். கோயிலுக்கு மட்டும் வரமாட்டான். "வாலே"ன்னு கூப்பிட்டா, "நீதான் போறீயே, எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வாம்மா"ன்னு சிரிப்பான். சிரிச்சா கன்னத்துல குழி விழும். ஒரு கலியாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிரும்னு நானும் இருந்தேன்.

வெட்டுனவன் பேரு பேச்சிமுத்து. பக்கத்து ஊர்க்காரன், வாழைத்தோட்டத்துல குலை வெட்டிச் சுமக்குற கூலி. ஒருநாள் வண்டியில ஏத்தும்போது குலையை நசுக்கிட்டான்னு ஆசீர் செருப்பைக் கழத்தி ரெண்டு போட்டான். ரெண்டே ரெண்டு. இவன் பொண்டாட்டி குறுக்க வந்து கத்தியிருக்கா, அவளையும் ஒரு வார்த்தை சொல்லிட்டான். என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரியாது. கோர்ட்டுல வக்கீலு அதைச் சொல்லும்போது நான் காதைப் பொத்திக்கிட்டேன். கோவத்துல வாறதுதான? செருப்பால அடிபட்டு எவனாவது செத்தா போறான்? அதுக்கு அரிவாளைத் தூக்கலாமா? மறுநாள் அந்திக்குத் தோட்டத்துக்குள்ள தனியா மடக்கி, அந்தக் குலை வெட்டுற அரிவாளாலயே வெட்டிப் போட்டுட்டு ஓடிட்டான். விடிஞ்சு தண்ணி பாய்ச்சப் போனவங்கதான் பாத்துட்டு வந்து சொன்னாவ. நான் ஆசீருக்குப் பிடிக்குமேன்னு ஆப்பத்துக்கு மாவு கலக்கிக்கிட்டு இருக்கேன். ராத்திரி வராத பிள்ளை காலையில பசியோட வருவாம்லா.

வேண்டாம் தங்கச்சி, தண்ணி வேண்டாம். சொல்லி முடிச்சுருதேன்.

எங்க ஊருப் பொம்பளையள்ட்ட ஒரு பழக்கம் உண்டு. உலைக்கு அரிசி அளந்ததும் அதுல ஒரு கைப்பிடி அள்ளித் தனியா ஒரு டப்பாவுல போட்டு வைப்போம். அது ஆண்டவருக்கு. கைப்பிடி அரிசின்னு பேரு. மாசக் கடைசியில பெண்கள் சங்கத்துல வந்து வீடு வீடா வாங்கி ஊழியத்துக்கு, வேதம் சொல்லி ஏழை எளியதுகளுக்குச் சோறு போடுறவங்களுக்கு, அனுப்பிருவாவ. மத்த ஊருல ஏலம் விட்டுக் காசா அனுப்புவாவ, எங்க ஊருல மட்டும் அரிசியாவே போவும். எங்க சங்கத்துல வீடு வீடாப் போயி வாங்குறது நான்தான். அந்த ஒரு கை அரிசியை அள்ளும்போது ஒரு ஜெபம் பண்ணணும். அதான் முறை.

மவன் போன பெறகும் நான் அரிசி எடுக்கிறதை நிறுத்தல. ஜெபத்தையும் நிறுத்தல. என்ன ஜெபம்னு கேளுங்க. சொன்னா வெக்கம், சொல்லாட்டித் துக்கம். "ஆண்டவரே, அந்தப் பேச்சிமுத்து வெளங்கக் கூடாது. ஜெயில்லயே புழுத்துச் சாகணும். செத்த பெறகும் அவனை விட்டுராதேயும், எரிநரகத்துல போடும், ஆமென்." ஒரு கைப்பிடி. டப்பா. மறுபடி உலை, மறுபடி அதே ஜெபம், மறுபடி ஒரு கைப்பிடி. தப்பா? எனக்குத் தப்பாத் தெரியல. நியாயத்தைத்தான கேட்டேன்? இதைக் கூடக் கேக்கக் கூடாதுன்னா ஆண்டவருன்னு ஒருத்தரு எதுக்கு?

எங்க வீட்டுக்காரவிய இந்தத் துக்கத்துலயே படுத்துப் போய்ச் சேந்துட்டாவ. பெறகு வீட்டுல நானும் அந்த அரிசி டப்பாவுந்தான்.

இப்படி இருக்கையில, இந்த லெந்து நாள்ல, நாங்க உபவாசம் இருக்கிற தவக்காலத்துல, எங்க ஐயரு வீட்டுக்கு வந்தாவ. ஐயருன்னா உங்க ஐயரு இல்ல, எங்க கோயில் பாதிரியாரை நாங்க அப்படித்தான் சொல்லுவோம். காப்பி குடுத்தேன், குடிக்கல. காப்பி குடிக்காத ஐயரு நல்ல சேதி கொண்டு வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும். "எப்சிபாம்மா, பேச்சிமுத்து வெளிய வந்துட்டான். நன்னடத்தைன்னு விட்டுட்டாங்க"ன்னாவ. சரி, கவர்மெண்டு, நாம என்ன செய்ய. "இன்னொண்ணும் உண்டும்மா. அவன் உள்ள இருக்கும்போதே ரட்சிக்கப்பட்டுட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. "அவனா? எப்படி?"ன்னேன்.

"எல்லாரும் எப்படியோ அப்படித்தாம்மா. இயேசு எனக்காக மரிச்சாருன்னு விசுவாசிச்சான். பாவத்தை அறிக்கை பண்ணி மன்னிப்புக் கேட்டான்."

"யார்கிட்டக் கேட்டான்? என்கிட்டக் கேக்கலியே."

"ஆண்டவர்கிட்ட."

"ஏன், அவரு மவனையா வெட்டிக் கொன்னான்?"

ஐயரு காப்பி டம்ளரை நகத்தி வச்சாவ. தலையைக் குனிஞ்சுக்கிட்டாவ. நான் விடல. "அப்ப அவனுக்கு மோட்சமா?"ன்னேன். "விசுவாசிச்சா மோட்சந்தாம்மா"ன்னாவ. "ஒரு வார்த்தைக்கா? ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிட்டா மோட்சமா? அவ்வளவு மலிவாப் போச்சா? நான் கைக்குழந்தையில இருந்து கோயிலுக்கு வாரேன், ஒரு ஞாயித்துக்கிழமை தப்பினது கெடையாது, பேறுகாலத்துக்கு மட்டுந்தான் விட்டிருக்கேன். எனக்கும் அதே மோட்சம், அவனுக்கும் அதே மோட்சமா?"

"கிருபைன்னா அதாம்மா. நாம செஞ்சதுக்குக் கூலியா அது வாறதில்ல."

அப்பதான் தங்கச்சி, வாயில வந்துட்டு. வராம இருந்திருக்கலாம். "அப்ப ஆசீரு?"

ஐயரு வேதப்புஸ்தகத்து அட்டையைத் தடவிக்கிட்டு இருந்தாவ. அவிய சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? நான் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தது என்ன? விசுவாசிச்சவன் பிழைப்பான், விசுவாசிக்காதவன் கெட்டுப் போவான். வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வச்சிருக்கேன். எம் மவன் கோயில் வாசலை மிதிக்காதவன். குடிச்சிருந்தான். ஜெபம் பண்ணத் தெரியாது. அப்படியே போயிட்டான். அப்ப வெட்டுனவன் மோட்சத்துல, வெட்டுப்பட்டவன் நரகத்துல. குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்சுச்சாம். அட கர்த்தாவே, ஒரு தடவை கொன்னது காணாதா?

ஐயரு என் கையைப் புடிச்சுக்கிட்டாவ. "அப்படிச் சொல்லாதிய எப்சிபாம்மா. கடைசி மூச்சுல அவன் ஆண்டவரைக் கூப்பிட்டிருந்தா? சிலுவையில தொங்குன கள்ளன் எப்பக் கூப்பிட்டான்? நமக்குத் தெரியாதுல்லா"ன்னாவ.

அந்தக் கதை உங்களுக்குத் தெரியாதுல்லா. எங்க இயேசுவைச் சிலுவையில அறைஞ்சப்ப பக்கத்துல ஒரு கள்ளனையும் அறைஞ்சிருந்தாவ. சாதாக் கள்ளன் இல்ல, கொலையும் பண்ணியிருப்பான். சாகப்போற நேரத்துல அவரைப் பாத்து, என்னையும் நெனச்சுக்கிடும்னு ஒரு வார்த்தை கேட்டான். அவ்வளவுதான், இன்னைக்கே நீ எங்கூட வந்துருன்னுட்டாரு. இந்தக் கதையை நான் எத்தனை பிள்ளையளுக்குச் சொல்லியிருப்பேன்! அட்டையில படம் வரைஞ்சு சொல்லியிருக்கேன். அந்தக் கள்ளன் கொன்னுபோட்ட ஆளோட அம்மா எங்க நின்னு அதைப் பாத்துக்கிட்டு இருந்தாளோன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல.

ஐயரு போயிட்டாவ. அந்த வார்த்தை போகல. கூப்பிட்டிருந்தா? கூப்பிட்டிருந்தா? தட்டுல சோறு போட்டா அதுதான். பாயில படுத்தா அதுதான். உலைக்கு அரிசியை அள்ளுதேன், கை அப்படியே நிக்கி. என்னன்னு ஜெபம் பண்ண? பேச்சிமுத்துக்கு நரகத்தைக் கேட்டா, அங்க எம் பிள்ளைல்லா இருக்கான்! ரெண்டு பேரையும் ஒரே இடத்துல போடும்னா கேப்பேன்? பைத்தியக்காரி மாதிரி அரிசியைக் கையில வச்சுக்கிட்டே நின்னிருக்கேன், உலை கொதிச்சு வத்திப் போயிரும்.

ஒரு வார்த்தை போதும் தங்கச்சி. ஒரே ஒரு வார்த்தை. "ஏசுவே"ன்னு முனங்கியிருந்தாக் கூடப் போதும், அவரு காது கேக்காதவரா? வாய்விட்டுச் சொல்லாட்டாலும் நெஞ்சுக்குள்ள நெனச்சிருந்தாப் போதும். அவ்வளவு நல்லவரு எங்க ஆண்டவரு. ஆனா யார்கிட்டக் கேக்க? எம் பிள்ளை கடைசியா என்ன சொன்னான்னு யாருக்குத் தெரியும்? அந்தத் தோட்டத்துல நின்னது ரெண்டே பேரு. ஒருத்தன் போயிட்டான். மிச்சம் இருக்கிறது அந்த மூதி மட்டுந்தான். எவன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு இருந்தேனோ, அவன்கிட்டத்தான் போயி நின்னு கேக்கணும்.

இன்னைக்கு ஞானஸ்நானம்னு ஐயருதான் சொன்னாவ. கூட வாரேன்னாவ, வேண்டாம்னுட்டேன். டவுனைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை, அதான் கோயில். எங்களைப் போல இல்ல, கை தட்டுற கூட்டம். மேளம் அடிக்காவ, குதிக்காவ, அழுதுக்கிட்டே பாடுதாவ. எங்க கோயில்ல நாங்க இருமுறதுக்குக் கூட வெளிய போவோம். கடைசி வரிசையில முக்காட்டை இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்தேன்.

முக்குறதுக்கு முந்தி சாட்சி சொல்லணும். அதாவது, நான் இப்படிப்பட்ட பாவியா இருந்தேன், இப்படி ரட்சிக்கப்பட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லணும். வந்து நின்னான். நான் கோர்ட்டுல பாத்த ஆளே இல்ல. தலை நரைச்சு, தோளு ஒடுங்கி, வயசாளி மாதிரி இருக்கான். மைக்கைப் புடிக்கத் தெரியாம நெஞ்சுல இடிச்சுக்கிட்டான்.

"நான் ஒருத்தனை வெட்டிக் கொன்னவன்"னான். மேளத்தை நிறுத்திட்டாவ. "கோர்ட்டுல சாமி மேல சத்தியம் பண்ணி நான் வெட்டலன்னு சொன்னேன். அப்பீலும் போட்டேன். ஆனா கண்ணை மூடுனா அந்தத் தோட்டந்தான். கைலியைக் கிழிச்சுத் தூக்கு மாட்டிக்கிடலாம்னு இருந்தேன். அப்ப கிறிஸ்மசுக்கு ஜெயிலுக்கு ஊழியக்காரங்க வந்தாங்க. நான் பிரசங்கத்துக்குப் போகல, சோத்துக்குத்தான் போனேன். அந்தச் சோறு ஒரு தினுசா இருந்துச்சு. ஒரு பருக்கை பெருசு, ஒரு பருக்கை சிறுசு. பச்சரிசி, புழுங்கலரிசி, ரேசன் அரிசி எல்லாம் கலந்து, ஒண்ணு கொழஞ்சும் ஒண்ணு வேகாமலும் கெடந்துச்சு. என்ன சோறுய்யா இதுன்னு பரிமாறுனவர்ட்டக் கேட்டேன். பல வீட்டுப் பொம்பளைங்க உலை வைக்கும்போது ஒவ்வொரு கையா ஜெபம் பண்ணி எடுத்து வச்ச அரிசிய்யா, இந்த வருசம் உங்களுக்குன்னு வந்துச்சுன்னாரு."

எனக்குக் காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. எங்க அரிசி. நான் வீடு வீடாப் போயி வாங்குன அரிசி. ஒரு வருசம் ஜெயில் ஊழியத்துக்குன்னு ஐயரு கேட்டாவ, நான்தான் சாக்கு வாயைச் சணல் போட்டுத் தச்சேன். எந்த ஜெயிலுன்னு நான் கேக்கல.

"எவ்வளவு கேவலமானவன் நான். எனக்குன்னு ஒரு அம்மா அடுப்பு முன்னால நின்னு ஜெபம் பண்ணியிருக்காங்களேன்னு வாயில வச்ச சோத்தை முழுங்க முடியல. அந்தக் கை யாரோட கைன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா அதைக் கண்ணுல ஒத்திக்கிடுவேன்"னான். நான் கையைச் சேலைக்குள்ள ஒளிச்சுக்கிட்டேன் தங்கச்சி. அந்தக் கை என்னத்தை வேண்டிக்கிட்டு அரிசியை அள்ளுச்சுன்னு தெரிஞ்சிருந்தா, சோறு அவன் தொண்டையில எறங்கியிருக்குமா?

அந்தச் சோத்துக்காகவே உக்காந்து பிரசங்கத்தைக் கேட்டானாம். அன்னைக்கு அந்தக் கள்ளன் கதைதான். அதை அவன் சொன்ன மாதிரி நான் இது வரைக்கும் சொன்னதில்ல. "திருடுனதைத் திருப்பிக் குடுக்க அவனுக்குக் கையில்ல, ஆணி அடிச்சாச்சு. ஓடிப்போயி யார் கால்லயும் விழக் காலில்ல, அதுலயும் ஆணி. இனிமே நல்லவனா வாழ்ந்து காட்ட நாளும் இல்ல. வாய் ஒண்ணுதான் மிச்சம். அதை வச்சுக் கேட்டான், கெடைச்சுது. எனக்கும் அவ்வளவுதான மிச்சம்னு நானும் கேட்டேன். ஆண்டவரே, நாந்தான் வெட்டுனேன், என்னை விட்டுராதேயும்னு அழுதேன். அன்னைக்குத்தான் தூங்குனேன். மறுநா வக்கீலைக் கூப்பிட்டு, வெட்டுனது நாந்தான், அப்பீல் வேண்டாம்னுட்டேன்."

கூட்டம் முழுக்க அழுவுது. நான் அழல. என்னமா நடிக்கான் பாருன்னு உக்காந்திருந்தேன்.

சிமெண்டுத் தொட்டியில முக்கி எடுத்தாவ. ஈரம் சொட்டச் சொட்ட மேல ஏறுனவன் கூட்டத்தைப் பாத்துக் கும்பிட்டான். என்னைப் பாத்துட்டான். எத்தனை வருசமானாலும் அந்த மூஞ்சி அவனுக்கு மறக்குமா? அப்படியே ஓடி வந்து எல்லார் முன்னாலயும் என் கால்ல விழுந்துட்டான். "அம்மா"ங்கான். அம்மாவாம். எந்திரிச்சேன். கையை ஓங்கிட்டேன். உள்ளதைச் சொல்லுதேன், ஓங்கி ஒரு அறை அறையத்தான் ஓங்குனேன்.

நான் யாருன்னு எங்க ஐயரு முந்தியே சொல்லி வச்சிருப்பாவபோல, அந்தச் சபைப் பாஸ்டரு அதைப் பாத்துட்டு, "அல்லேலூயா! இவுங்க யாரு தெரியுமா? செத்தவனைப் பெத்த தாய்! கொன்னவன் தலைமேல கையை வச்சு ஆசீர்வதிக்கப் போறாங்க! எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணுங்க!"ன்னு கத்திட்டாரு. அவ்வளவுதான். தகரம் பேந்து போற மாதிரி சத்தம். எல்லாரும் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு அலறுதாவ. நான் ஓங்குன கையோட நிக்கேன். இனி அதை என்ன செய்ய? அறையவா முடியும்? அவன் தலைமேல வச்சேன். ஈரத் தலை. அதுக்குள்ள சூடு. காய்ச்சக்காரப் பிள்ளை தலை மாதிரிச் சுட்டுச்சு.

அந்தச் சத்தத்துல யாருக்கும் ஒண்ணும் கேக்காதுன்னு தெரிஞ்சு குனிஞ்சேன். அவன் காதுகிட்ட வாயை வச்சு, "ஏலே, உண்மையைச் சொல்லு. எம் மவன் சாகும்போது ஆண்டவரைக் கூப்பிட்டானா?"ன்னு கேட்டேன்.

அவன் தலையைத் தூக்கி என்னைப் பாத்தான். பெறகு, "கூப்பிடலம்மா"ன்னான்.

"என்னதான் சொன்னான்?"

"என்னைத் திட்டுனான்மா."

"பெறகு?"

"திட்டிக்கிட்டேதான் இருந்தான்."

"நல்லா யோசிச்சுப் பாருலே. ஏசுவேன்னு ஒரு வார்த்தை? முனங்குன மாதிரி?"

"இல்லம்மா."

அப்ப நான் கேட்டேன் பாருங்க ஒண்ணு. பொறந்ததுல இருந்து கோயிலே கதின்னு கெடந்தவ கேக்கிற கேள்வியா அது? "பொய்யாவது சொல்லுலே. கூப்பிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிரு. உனக்கு என்ன நட்டம்? நீ சொன்னா நான் உன்னை மன்னிச்சுட்டேன்னு இந்த மைக்குலயே சொல்லுதேன்"னேன்.

அவன் என் காலைக் கட்டிக்கிட்டு அழுதான். "அம்மா, என்னைய அடிங்க, கொல்லுங்க. பொய்க்குள்ளதான் நான் அத்தனை நாளும் கெடந்தேன். திரும்பி அதுக்குள்ள போகச் சொல்லாதிய"ன்னான்.

கோர்ட்டுல வாய் கூசாமப் பொய்ச் சத்தியம் பண்ணுன பய! இன்னைக்கு எனக்கு ஒரே ஒரு பொய் வேணும்னு கெஞ்சுதேன், அவன் வாயில அது வரமாட்டேங்கு. அப்பதான் தங்கச்சி எனக்குப் புரிஞ்சுது. இவன் நடிக்கல. நெசமாவே மாறிட்டான். நெசமாவே இவனுக்கு மோட்சந்தான். இவன் தலைமேல கையை வச்சுக்கிட்டு நிக்கிற எனக்குத்தான் எது கெடைக்கும்னு தெரியல.

பாஸ்டரு மைக்கைக் கொண்டாந்து என் வாய்கிட்ட வச்சுட்டாரு. எவ்வளவோ ஜெபம் பண்ணுனவ நான், சங்கத்துல என்னைத்தான் பண்ணச் சொல்லுவாவ, நிறுத்தாமப் பண்ணுவேன். ஒண்ணும் வரல. "ஆண்டவரே, இரங்கும். நான் பாவி"ன்னு மட்டுந்தான் வந்துச்சு. அதை நான்தான் சொன்னேன்னு எனக்கே தோணல. அவனுக்காகக் கேக்கேன்னு நெனச்சு எல்லாரும் ஆமென்னாவ.

செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய வந்துட்டேன். ரோடு வரைக்கும் பின்னாலயே ஓடி வந்தான், துவைச்ச துணி மாதிரி நனைஞ்சு போயி. கிட்ட வரப் பயந்துக்கிட்டுத் தள்ளி நின்னான். "அம்மா, இன்னொண்ணு. உங்ககிட்ட மறைக்கக் கூடாது. நான் ஓடும்போது அவனுக்கு உசுரு இருந்துச்சு. வரப்புல நின்னு திரும்பிப் பாத்தேன். கண்ணைத் தெறந்துக்கிட்டு வானத்தைப் பாத்துக் கெடந்தான். மூச்சு ஏறி எறங்குச்சு. தூக்கிட்டுப் போயிருக்கலாம், நான் ஓடிட்டேன். அதுக்குப் பெறகு அவன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாதும்மா"ன்னான்.

பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன்.

ஆசுபத்திரியில அன்னைக்கு டாக்டரு என்கிட்ட, "உங்க மகன் கஷ்டப்பட்டிருக்க மாட்டாம்மா, வெட்டுன உடனே உயிர் போயிருக்கும்"னாரு. அந்த ஒரு பேச்சைப் புடிச்சுக்கிட்டுத்தான் தங்கச்சி இத்தனை வருசமா நான் சோறு தின்னதும் தூங்குனதும். அப்படியே இருக்கணும், எம் பிள்ளை வலி தெரியாமப் போயிருக்கணும்னு கேக்காத நாளில்ல. இப்ப அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். பஸ் ஏறுனதுல இருந்து மாத்தித்தான் கேட்டுக்கிட்டு வாரேன். ஆண்டவரே, அந்த டாக்டரு சொன்னது பொய்யா இருக்கணும். எம் பிள்ளைக்கு உடனே உசுரு போயிருக்கக் கூடாது. அவன் அந்தத் தோட்டத்துல ஒத்தையில கெடந்திருக்கணும், திட்டி ஓயுற மட்டும் கெடந்திருக்கணும், வலி தாங்காம உம்மைக் கூப்பிடுற மட்டும், விடியுற மட்டும் துடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கணும்.